அறுபது கேட்கலாமா?

கிட்டிப்புள் என்றதும் இன்றைய பிள்ளைகள், "கில்லிதானே, கிரிக்கெட் மாதிரி" என்கிறார்கள். அடிப்பதும் பிடிப்பதும் இருப்பதால் அப்படித்தான் தோன்றும். ஆட்டத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. டீ ஆறுவதற்குள் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

வேண்டியது இரண்டு குச்சிகள். நீளமானது கிட்டி, ஒன்றரை அடி இருந்தால் போதும். குட்டையானது புள், ஒரு சாணுக்கும் குறைவு. புளி, கருவேலம் போன்ற கெட்டி மரமாக இருப்பது நல்லது. வேலை அதிகம் புள்ளில்தான். இரண்டு முனைகளையும் பென்சில் போலச் சீவ வேண்டும். கூர்மையைவிட சரிவுதான் முக்கியம். நடுப்பகுதி தரையில் கிடக்க, முனை மட்டும் மண்ணைத் தொடாமல் சற்றே தூக்கி நிற்க வேண்டும். அந்த முனையில் கிட்டியால் ஒரு தட்டு தட்டினால், முனை கீழே அமுங்கி, புள் சுழன்றபடி மேலே எழும். சரிவு போதாவிட்டால் எழும்பாது. மிகவும் சீவிவிட்டால் கனம் குறைந்து, அடித்தாலும் தூரம் போகாது.

தரையில் நீளவாக்கில் ஒரு சிறு குழி. அதன் குறுக்கே புள்ளை வைத்து, கிட்டியை அடியில் கொடுத்துக் கெந்தி விட வேண்டும். கீழே விழுமுன் எதிரணி பிடித்தால் ஆள் அவுட். பிடிக்காவிட்டால் கிட்டியைக் குழிமேல் கிடத்திவிட்டு விலகி நிற்க வேண்டும். புள் விழுந்த இடத்திலிருந்து எறிந்து அந்தக் கிட்டியில் படவைத்தாலும் அவுட்தான். அதிலும் தப்பினால், புள் கிடக்கும் இடத்துக்குப் போய், முனையைத் தட்டி எழுப்பிக் காற்றிலேயே அடிக்கலாம். பெரும்பாலும் மூன்று வாய்ப்பு தருவார்கள்.

இனிதான் விஷயமே. புள் போய் விழுந்த இடத்துக்கும் குழிக்கும் இடையே எத்தனை கிட்டி நீளமோ, அத்தனை புள்ளி. ஆனால் பல ஊர்களில் உடனே அளக்க மாட்டார்கள். அடித்தவன் கண்ணாலேயே மதிப்புப் போட்டு, "60" என்று கேட்க வேண்டும். ஒன்றரை அடிக் கிட்டிக்கு அது 90 அடி. எதிரணிக்கு நியாயமாகப் பட்டால் கொடுத்துவிடுவார்கள். சந்தேகமென்றால் "அள" என்பார்கள். கிட்டியைப் புரட்டிப் புரட்டி அளந்து வந்து 58-இல் நின்றால் கேட்டவன் அவுட். உண்மையில் 75 இருந்து அவன் 60 கேட்டிருந்தால், மிச்சம் 15 போனதுதான். பேராசையும் ஆகாது, பயமும் ஆகாது. நடுவர் இல்லாமல் இரு தரப்பும் ஒத்துப்போகும் ஓர் எண்ணைச் சொல்லப் பழகுகிறான் பத்து வயதுப் பையன். இந்தக் கேள்விக்காகவே இதை நம் ஆட்டங்களில் உயர்ந்ததாக நினைக்கிறேன்.

பிரேம்சந்த் இந்த ஆட்டத்தின் பெயரிலேயே இந்தியில் ஒரு கதை எழுதியிருக்கிறார். பெரிய அதிகாரியாகி ஊர் திரும்பும் ஒருவன், பால்ய சிநேகிதன் கயாவோடு ஆடுகிறான். இவன் செய்யும் கள்ள ஆட்டத்தையெல்லாம் கயா வாய்பேசாமல் விட்டுக்கொடுக்கிறான். சிறுவயதில் சண்டைக்கு வந்திருப்பவன், இப்போது இவனைச் சமமான ஆட்டக்காரனாகவே எண்ணவில்லை. "அள" என்று சொல்ல எதிரில் ஆள் இல்லாவிட்டால் இந்த ஆட்டம் செத்துவிடும். கிட்டிப்புள் ஆடியவர்களுக்கு அந்தக் கதை கூடுதலாகவே வலிக்கும்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். புள் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். திறந்த மைதானமாகப் பாருங்கள். அடிப்பவனுக்கு நேரெதிரே, பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள். வேடிக்கை பார்க்கும் சின்னவர்களை அவன் முதுகுக்குப் பின்னால், நன்றாகத் தள்ளி உட்கார வையுங்கள். முனையை மழுங்கலாகவே சீவிக்கொடுங்கள், அப்போதும் புள் நன்றாக எழும்பும்.