சுடுமல்லியை நம்பி வாழும் கூன்வண்டு



மானாவாரிச் சோளம் விதைக்கிற உறுப்பினர்களுக்குச் சுடுமல்லியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சில ஊர்களில் இதைப் பல்லிப்பூண்டு என்றும் சொல்வார்கள். ஒரு சாண் உயரம், ஒல்லியான சொரசொரப்பான இலை, சின்னச் சின்ன வெள்ளைப் பூ. பார்த்தால் பாவம் போல இருக்கும். ஆனால் அது முளைத்த இடத்தில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே சோளம் வாடி நிற்கும். நெருப்புப் பட்ட மாதிரி இலை காயும். கதிர் சிறுத்துப் போகும்.

அந்தச் சுடுமல்லியைப் பற்றியும், அதன் காய்க்குள்ளேயே வளர்கிற ஒரு குட்டிக் கூன்வண்டைப் பற்றியும் இந்த இதழில் எழுதுகிறோம். காரணம் இருக்கிறது. "களையைத் தின்கிற வண்டு இருக்குதாமே, அப்போ நாம எதுக்குக் குனிஞ்சு களையெடுக்கணும்?" என்று கேட்கிறவர்கள் ஒரு பக்கம். களைச்செடியில் கறுப்பாக ஏதோ ஊர்வதைப் பார்த்ததும், "ஐயோ, சோளத்துக்கு வண்டு விழுந்திருச்சு" என்று மருந்து டேங்கைத் தூக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

வேரில் வாய் வைக்கிற செடி

சுடுமல்லி பச்சையாக இருப்பதால் அதுவும் மற்றச் செடிகளைப் போல உழைத்துச் சாப்பிடுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒட்டுண்ணி. மண்ணுக்குள்ளே சோளத்தின் வேரில் தன் வேரை நுழைத்து, தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே தலை காட்டுவதற்கு முன்பே பல வாரம் மண்ணுக்குள் இருந்தபடி இந்த வேலையைச் செய்யும். நாம் முளையைப் பார்க்கிற நாளில் பாதிச் சேதம் முடிந்திருக்கும். சோளம் மட்டுமில்லை, கம்பு, மக்காச்சோளம், கரும்பு இவற்றிலும் வரும்.

இதன் விதை தூசி மாதிரி. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரே செடி 50,000 விதைக்கும் மேல் கொட்டக்கூடியது. அந்த விதை உடனே முளைத்தாக வேண்டும் என்றும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல், சில சமயம் 20 வருஷம் வரைகூட மண்ணில் உயிரோடு காத்திருக்கும். நம் குழுவில் சேமிப்பு இருக்கிற மாதிரி, சுடுமல்லிக்கும் மண்ணுக்குள்ளே ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கிறது. விவசாய அலுவலர்கள் இதை 'விதை வங்கி' என்றே சொல்வார்கள். ஒரு வருஷம் ஏமாந்து பூக்க விட்டால், அந்த டெபாசிட் நம் பிள்ளைகள் காலம் வரை நிற்கும்.

சரி, இருட்டுக்குள் கிடக்கிற தூசி விதைக்கு, பக்கத்தில் சோள வேர் வந்துவிட்டது என்று எப்படித் தெரிகிறது? வாசனை பிடிக்கிற மாதிரிதான். சோளத்தின் வேர் மிகமிகக் குறைந்த அளவில் ஒரு பொருளைக் கசியவிடும். அது பட்டால்தான் விதை விழிக்கும். இந்த வகைப் பொருளை முதன்முதலில் 1966-ல் பருத்தி வேரின் கசிவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஸ்ட்ரைகால் என்று பெயர் வைத்தார்கள். ஏன் பயிர் தனக்குத்தானே குழி வெட்டிக்கொள்கிற மாதிரி இதைக் கசியவிடுகிறது என்பது ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. 2005-ல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் விடை கண்டார்கள். மண்ணிலிருந்து மணிச்சத்தை எடுத்துத் தருகிற நல்ல பூசணத்தைத் தன் வேருக்குக் கூப்பிடுவதற்காகப் பயிர் கொடுக்கிற குரல் அது. சுடுமல்லி அதை ஒட்டுக் கேட்கிறது! மணிச்சத்து குறைந்த மண்ணில் பயிர் இன்னும் சத்தமாகக் கூப்பிடும். எரு போடாத, வறண்ட, மெலிந்த காட்டில் சுடுமல்லி அதிகமாக வருவதற்கு இது ஒரு காரணம்.

விழித்த முளைக்குச் சில நாளைக்குத்தான் கையிருப்பு. அதற்குள் வேரைப் பிடிக்காவிட்டால் செத்துப் போகும்.

இப்போது வண்டுக்கு வருவோம்

கூன்வண்டு என்றதும் அரிசிப் பானையில் ஊர்கிற மூக்கு வண்டும், தென்னையைத் துளைக்கிற சிவப்புக் கூன்வண்டும் நினைவுக்கு வரும். இதுவும் அந்தக் குடும்பம்தான். நீண்டு வளைந்த மூக்கு இருக்கும். ஆனால் அளவு ஒரு எள்ளுதான், இரண்டு மூன்று மில்லிமீட்டர். ஸ்மைக்ரோனிக்ஸ் என்பது இதன் அறிவியல் பெயர். இதில் பல வகை உண்டு. அவற்றில் பல, ஒட்டுண்ணிச் செடிகளையே நம்பி வாழ்கின்றன. நம் நாட்டில் சுடுமல்லியில் இருப்பதற்கு முதுகில் திட்டுத் திட்டாக வெள்ளைச் செதில் இருக்கும்.

இதன் வாழ்க்கை சுடுமல்லியின் நாட்காட்டியோடு ஒட்டிப் போகிறது. மழை பெய்து மண் நனைந்த பிறகு வண்டு மண்ணிலிருந்து வெளியே வரும். சுடுமல்லி இலையைக் கொறித்துக்கொண்டு காத்திருக்கும். பூ விட ஆரம்பித்ததும் தாய் வண்டு, மூக்கால் பூவின் சூலகத்தைத் துளைத்து முட்டை வைக்கும். உள்ளே பொரிக்கிற புழுவுக்குக் கால் கிடையாது, வெள்ளையாக வளைந்து கிடக்கும். அது தின்னத் தின்ன, காய் வழக்கத்தைவிடப் பருத்து வீங்கும். நூற்றுக்கணக்கான விதை இருக்க வேண்டிய காயில் ஒரு புழுவும் அதன் எச்சமும்தான் மிஞ்சும். வளர்ந்த புழு காயில் ஓட்டை போட்டு, கீழே விழுந்து, மண்ணுக்குள் போய்க் கூடு கட்டிக்கொள்ளும். அடுத்த மழை வரை அங்கேதான் தூக்கம்.

சுடுமல்லி இல்லையென்றால் இந்த வண்டுக்குச் சந்ததி இல்லை. சோளக் கதிரிலோ, பருத்திக் காயிலோ, வீட்டு அரிசியிலோ போய் அது முட்டை வைக்காது. வைத்தாலும் புழு பிழைக்காது. அதனால் இதற்காக மருந்தடிப்பது வீண் செலவு. வீண் மட்டுமில்லை, நமக்காக இலவசமாக வேலை செய்கிற ஆளை நாமே கொல்வது.

அம்மையார் கூந்தலிலும் இதே கதைதான், கொஞ்சம் வேறு மாதிரி. குதிரைமசாலிலும் வெங்காயத்திலும் மஞ்சள் நூல் சுற்றின மாதிரி படர்கிறதே, அந்தக் கொடிதான். ஐரோப்பா, மத்திய ஆசியா, ஜப்பான் என்று பல இடங்களில் ஸ்மைக்ரோனிக்ஸ் வண்டுகள் அதன் தண்டில் முட்டை வைக்கின்றன. முட்டை வைத்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்கும். மற்ற இடமெல்லாம் வெளிறிக் கிடக்கிற கொடியில், அந்த வீக்கம் மட்டும் பச்சையாக மாறி மாவுச்சத்தைச் சேர்த்து வைப்பதை ஜப்பானில் கண்டிருக்கிறார்கள். ஊரார் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிடுகிற செடியை உழைக்க வைத்துச் சாப்பிடுகிறது ஒரு வண்டு! எங்களுக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

வண்டை நம்பி விட்டுவிடலாமா?

இந்தக் கேள்வியை வெளிநாடுகளிலும் கேட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் சுடுமல்லியின் பெரிய அக்கா ஒருத்தி இருக்கிறாள். இன்னும் உயரம், ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களின் சோளத்தையும் கம்பையும் மக்காச்சோளத்தையும் அழிப்பவள். 1960-களில் பெங்களூரில் இருந்த காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இந்திய நிலையம், நம் நாட்டுச் சுடுமல்லியைத் தின்கிற பூச்சிகளைத் தேடிப் பட்டியல் போட்டது. அதில் இந்தக் கூன்வண்டும், சுடுமல்லிக் காயைத் தின்கிற ஓர் அந்துப்பூச்சியும் இருந்தன. 1974-லும் 1978-லும் இவை இந்தியாவிலிருந்து எத்தியோப்பியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு வயல்களில் விடப்பட்டன. அங்கே அது ஆட்சிக் கவிழ்ப்பும் போருமாக இருந்த காலம். வண்டு அங்கே நிலைத்துவிட்டது என்று உறுதியாகவில்லை.

ஆப்பிரிக்காவில் ஏற்கெனவே சொந்த ஸ்மைக்ரோனிக்ஸ் வண்டுகள் உண்டு. மாலி நாட்டு வயல்களை வைத்து 1993-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வண்டு ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய எல்லா விதையையுமே அழித்தால்தான் களையின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறையும் என்பது அதன் முடிவு.

நம் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தாலே இது விளங்கும். ஒரு செடிக்கு 50,000 விதை என்று வைத்துக்கொள்வோம். பத்துக் காயில் ஐந்தை வண்டு தின்றால் மீதி 25,000. பத்தில் ஒன்பதைத் தின்றால்கூட 5,000 விதை மண்ணில் விழும். ஒரு சோளச் செடியைக் கெடுக்க நாலைந்து சுடுமல்லி போதும். போதாததற்குப் பழைய டெபாசிட் வேறு மண்ணில் கிடக்கிறது. வண்டுக்கும் எதிரி உண்டு; அதன் புழுவைக் குறிவைக்கிற குட்டிக் குளவிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, வண்டுக்குச் சுடுமல்லி ஒழிய வேண்டும் என்று ஆசையா என்ன? அதுதானே அதற்குச் சோறு!

காசு உள்ள நாடு என்ன செய்தது தெரியுமா? அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் 1956-ல் நம்முடைய இந்தச் சுடுமல்லியையே மக்காச்சோளத்தில் கண்டார்கள். நாலு லட்சம் ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது. பழம் பழுக்கும்போது வருகிற எத்திலீன் வாயுவை மண்ணுக்குள்ளே செலுத்தினார்கள். விதைகள் வேர் வந்துவிட்டதென்று ஏமாந்து முளைத்துச் செத்தன. களைக்கொல்லி, வாகனச் சோதனை, பல பத்தாண்டு அரசுச் செலவு எல்லாம் சேர்ந்து அங்கே பரப்பைச் சில ஆயிரம் ஏக்கருக்குள் கொண்டுவந்தன.

நமக்கு வாயு வேண்டாம். பருத்தி, தட்டைப்பயறு, சூரியகாந்தி ஆகியவற்றின் வேரும் சுடுமல்லி விதையை விழிக்க வைக்கும், ஆனால் பிடித்து வளர இடம் தராது. விதை முளைத்து வீணாகும். அதாவது அதன் டெபாசிட்டை நாம் எடுத்துச் செலவு செய்கிறோம். ஒரே காட்டில் வருஷா வருஷம் சோளமே போடாமல் மாற்றிப் போடச் சொல்வது இதற்குத்தான். தொழுவுரம் போட்டு மண்ணைத் தேற்றினாலும் சுடுமல்லி குறையும். கென்யாவில் மக்காச்சோள வரிசைக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற தீவனப் பயறு போட்டுச் சுடுமல்லியை அடக்குகிறார்கள். மாட்டுக்குத் தீவனமும் ஆச்சு.

மூன்றாவது களை

ஆனாலும் கையால் பிடுங்குவதைத் தவிர்க்க முடியாது. இதில்தான் நம் பெண்களுக்குச் சிக்கல். முதல் களை, இரண்டாம் களை எடுக்கும்போது சுடுமல்லி வெளியே வந்திருக்காது. அது தலை காட்டுவது அதற்கப்புறம். அந்த நேரத்தில் கூலிக்கு ஆள் விட வீட்டில் பணம் தர மாட்டார்கள். "ரெண்டு களை எடுத்தாச்சு, போதும்" என்பார்கள். நாமும் வேறு வேலைக்குப் போயிருப்போம். பூத்துக் காய்த்துக் கொட்டி முடித்துவிடும்.

அதனால், சோளம் அதிகம் போடுகிற குழுக்கள் இந்த மூன்றாவது களையைக் குழுவாகச் செய்யலாம் என்பது எங்கள் யோசனை. இன்றைக்கு ஒருத்தர் காடு, நாளைக்கு இன்னொருத்தர் காடு. கூலிப் பணம் கைமாற வேண்டாம். வேலையும் பெரிதல்ல, காடு முழுக்கக் குனிய வேண்டியதில்லை, சுடுமல்லியை மட்டும் பார்த்துப் பிடுங்கினால் போதும். பூ விடுவதற்கு முன் பிடுங்கினால் வரப்பிலேயே போட்டுவிடலாம். பூ வந்துவிட்டால் வரப்பில் போடாதீர்கள், பிடுங்கின பிறகும் காய் முற்றும். சாக்கில் கட்டிக் கொண்டுபோய் எரியுங்கள். புதிதாக முளைப்பதும் உண்டு, ஆகவே பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னொரு நடை போக வேண்டும். 2,4-டி களைக்கொல்லியும் சுடுமல்லியைக் கொல்லும். ஆனால் ஊடே பயறு போட்டிருந்தால் அதையும் சேர்த்துக் கொன்றுவிடும். பக்கத்துக் காட்டுப் பருத்தியும் தப்பாது.

எரித்தால் உள்ளே இருக்கிற வண்டுப் புழுவும் சாகுமே என்று சிலருக்கு மனசு கேட்காது. சாகும்தான். ஆனால் அதைக் காப்பாற்றப் போய் நல்ல காய்களையும் விட்டுவைத்தால் நஷ்டம் நமக்கு. நம் கைக்குத் தப்பி வேலி ஓரத்திலும், புறம்போக்கிலும் நிற்கிற செடிகளை அது பார்த்துக்கொள்ளும். அங்கே நாம் போகப் போவதில்லை.

எரிப்பதற்கு முன் ஒரு பத்துக் காயை மட்டும் நகத்தால் பிளந்து பாருங்கள். நல்ல காயில் பொடி மாதிரி விதை இருக்கும். வீங்கின காயில் வெள்ளைப் புழு இருக்கும். பத்துக்கு எத்தனை என்று குழுக் கூட்டத்தில் சொல்லுங்கள், எழுத்தர் குறித்து வைக்கட்டும். அடுத்த வருஷம் அதே காட்டில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வெளியூரிலிருந்து சோளத்தட்டு வாங்குகிறவர்கள் கட்டைப் பிரிக்கும்போது அடித்தூரில் காய்ந்த சுடுமல்லி சிக்கியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தனியாக எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, பிறகு மாட்டுக்கு வையுங்கள். அந்தக் கட்டு இருந்த இடத்துக் குப்பையை எருக்குழிக்குக் கொண்டுபோக வேண்டாம்.