மாயாவியை எழுதியவர் யார்?

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதன்முதலாக வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’யைப் பழைய புத்தகக் கடைகளில் இன்றளவும் தேடித் திரிகிற அபிமானிகளிடம், அக்கதையை எழுதியவர் யார் என்று கேட்டால், அநேகர் விழிப்பார்கள். அது அவர்கள் குற்றமன்று. 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வாரப் பத்திரிகையில் ஆரம்பமான அதன் ஆங்கில மூலத்துக்குச் சித்திரம் தீட்டியவர் ஸ்பெயின் தேசத்து ஹெசூஸ் பிளாஸ்கோ. எழுதியவர்கள் முதலில் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் பத்திரிகைகளில் இவர்கள் பெயரை அச்சிடும் வழக்கம் பெரும்பாலும் இருந்ததில்லை.

விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட மனிதன், மின்சாரம் பாய்ந்ததும் தேகம் முழுதும் மறைந்து, அந்த இரும்புக்கை மாத்திரம் அந்தரத்தில் தெரியும்படி ஆகிவிடுகிறான். நாவலாசிரியர் ஒரு பத்தி முழுக்கப் பிரயாசைப்பட்டுச் சொல்ல வேண்டிய இவ்விஷயத்தை, ஆளில்லாத அறையில் ஒற்றைக் கை கதவின் கைப்பிடியைத் திருகுவதாக ஒரு கட்டம் வரைந்தால், குழந்தையும் கண நேரத்தில் கிரகித்துக்கொள்ளும். எப்படி வரைந்திருக்கிறார் என்று ஓவியரையே மெச்சுகிறோம். எதை வரைவது என்று யோசித்த புத்தி வேறொருவருடையதாக இருக்கக்கூடும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

ஆகையால், எழுத ஆசைப்படும் வாசகர் தமக்கு வரையத் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. ஓவியராக ஆரம்பித்த கோசினி, எழுத்தே தமக்கு உகந்தது என்று கண்டு, 1955 முதல் ஓவியர் மோரிஸுக்காக ‘லக்கி லூக்’ கதைகளையும், 1959 முதல் ஓவியர் உடேர்சோவுடன் ‘ஆஸ்டெரிக்ஸ்’ கதைகளையும் எழுதினார். என் சொந்தப் பிரியம் பீட்டர் ஓ’டானல். அவர் 1963-இலிருந்து 2001 வரை எழுதிவந்த மாடஸ்டி பிளைசி என்ற நாயகியின் சித்திரத்தொடருக்கு ஓவியர்கள் பலர் மாறினார்கள். அவளுடைய நிதானமும், தோழன் கார்வினுடன் அவளுக்குள்ள, காதலென்று சொல்ல முடியாத அந்தச் சிநேகமும் மாறவேயில்லை. 1984-இல் தமிழில் லயன் காமிக்ஸ் அவளைக் கொண்டே தொடங்கியது என்பதும் நினைவுகூரத் தக்கது.

புதிதாக எழுதுவோர் முதலில் இடறுவது கட்டத்தைப் பகுப்பதில்தான். “அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினான்” என்று ஒரே கட்டத்துக்கு எழுதிக் கொடுத்தால், ஓவியர் தலையைச் சொறிவார். ஏனெனில் ஒரு கட்டத்தில் வரையத்தக்கது ஒரு கணமே. காலியான கட்டில், ஆணியில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஹாங்கர், தெருவில் அவன் முதுகு என்று மூன்றாகப் பிரித்துவிட்டால், “அவசரமாகக் கிளம்பினான்” என்று மேலே எழுதவே தேவையில்லை. கதவைத் திறக்கும் கட்டம் வலப்பக்கத்தின் கடைசியில் அமைந்தால், உள்ளே இருப்பது யார் என்று அறிய வாசகர் தாளைப் புரட்டித்தானே ஆக வேண்டும்!

வசனத்தில் நம்மவர்க்குத் தனிச் சங்கடம் ஒன்றுண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பலூனில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாலே வில்லனின் முகம் பாதி மறைந்துபோகும். எழுதிய பக்கத்தை ஓவியரிடம் அனுப்புமுன், கட்டங்களைத் தாமே கோணல்மாணலாகப் பென்சிலால் கிறுக்கி, பலூன்களைச் சுழித்து, பேசுபவரின் தலைக்கு இடம் மிஞ்சுகிறதா என்று பார்த்துக்கொள்வது உத்தமம்.