பனி ஏரியில் எது கண்ணில் படும்?

கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால் சிம்கோ ஏரி வந்துவிடும். பரப்பு 722 சதுர கிலோமீட்டர். குளிர் இறுகியதும் ஏரியின் மேல்பரப்பு உறைந்து ஆள் நடக்கும் தரையாகிவிடுகிறது. அந்தத் தரையில் ஒரு ஊரே முளைக்கிறது. மரக்குடில்கள், கூடாரங்கள், இழுத்துச் செல்லும் சறுக்குவண்டிகள், பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகள். பனிக்கட்டியில் வட்டத் துளை போட்டு, அதன் வழியாகத் தூண்டிலை இறக்கிக் காத்திருக்கிறார்கள். பெர்ச், ஒயிட்ஃபிஷ், லேக் டிரவுட் ஆகியவை அங்கே கிடைக்கும் மீன்கள்.

இந்த விளையாட்டின் ஆபத்து என்றாலே பனிக்கட்டி உடைந்து ஆள் உள்ளே போவதுதான் நினைவுக்கு வரும். அந்தப் பயம் நியாயமானது. தெளிந்த புதுப் பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் தடித்திருந்தால்தான் காலை வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்காவின் மினசோட்டா மாநில இயற்கை வளத் துறை. வெண்பனி கலந்து வெளுத்துப்போன பனிக்கட்டிக்குப் பலம் பாதிதான். அங்கே இரு மடங்கு தடிமன் வேண்டும். இவ்வளவையும் அளந்து பார்த்துவிட்டு ஏரிக்குள் போகிறவர்கள்கூட அதிகம் யோசிக்காத இன்னோர் ஆபத்து இருக்கிறது. தானும் தன் சாமான்களும் பிறர் கண்ணில் படாமல் போவது. இருட்டில் வரும் ஸ்னோமொபைல் குடிலில் மோதுவதும், நேற்று யாரோ போட்ட துளையில் இன்று இன்னொருவர் கால் இறங்குவதும் இதனால்தான்.

இருட்டில் சரி. பகலில், அதுவும் அவ்வளவு வெளிச்சத்தில், எப்படித் தெரியாமல் போகும்? புதிதாக விழுந்த வெண்பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வானத்தை மேகம் முழுக்க மூடியிருந்தால், அந்த ஒளி மேகத்தில் பட்டு மறுபடி கீழே வருகிறது, மறுபடி மேலே போகிறது. கடைசியில் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவு ஒளி வந்து சேர்கிறது. நிழல் என்பதே இல்லாமல் போகிறது. பனிமேல் உள்ள மேடு பள்ளத்தை நம் கண் பெரும்பாலும் நிழலை வைத்துத்தான் கணிக்கிறது. நிழல் போனதும் முழங்கால் உயரப் பனிமேடுகூட எதிரில் இருப்பது தெரிவதில்லை. வானம் எங்கே முடிகிறது, ஏரி எங்கே தொடங்குகிறது என்பதும் கரைந்துவிடுகிறது.

ஆகவே இங்கே வெளிச்சம் உதவாது. பின்னணியிலிருந்து வேறுபட்டு நிற்பதுதான் உதவும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

சாலைப் பணியாளர்கள் அணியும் பளிச்சென்ற மஞ்சள்-பச்சைச் சட்டையை எடுத்துக்கொள்வோம். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிக நன்றாக உணர்வது 555 நானோமீட்டர் அலைநீள ஒளியை. அது மஞ்சள் கலந்த பச்சை. கறுத்த தார்ச்சாலையில் அந்தச் சட்டை எடுப்பாகத் தெரிவதற்கு இதுவே காரணம். அதே சட்டை வெண்பனியின் முன்னால் பாதி வலுவை இழந்துவிடுகிறது. பனியும் பளிச், சட்டையும் பளிச். உச்சி வெயிலில் பனிமேல் மிகத் தெளிவாகத் தெரியும் நிறம் உண்மையில் கறுப்பு. ஆனால் கரையோரம் இருண்ட பைன் மரங்கள் பின்னணியாக வந்தவுடன் கறுப்பு அதில் மூழ்கிவிடும். மாலையிலோ கேட்கவே வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவே நிற்பது ஆரஞ்சு. பனியைவிட அடர்த்தி, காட்டைவிடப் பளிச். எந்தப் பின்னணியிலும் பிரிந்து தெரியும். அதிலும் ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு தனி ரகம். சாதாரணச் சாயம் தன்மேல் விழும் ஆரஞ்சு ஒளியை மட்டும் திருப்பி அனுப்புகிறது. ஃப்ளோரசன்ட் சாயமோ கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் விழுங்கி, அந்த ஆற்றலை ஆரஞ்சாக வெளியிடுகிறது. தன்மேல் விழுந்த ஆரஞ்சைவிட அதிக ஆரஞ்சு அதிலிருந்து புறப்படுகிறது. மேகமூட்டத்திலும் சூரியன் சாய்ந்த பிறகும் எஞ்சியிருக்கும் ஒளியில் நீலம் மிகுதி என்பதால், அந்த நேரத்தில் இந்தச் சாயம் நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே ஒன்றைக் கவனித்தார்: வெளிச்சம் மங்கும்போது சிவப்புப் பூக்கள் முதலில் கறுத்துவிடுகின்றன, நீலம் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது. இருட்டில் நமக்குக் கைகொடுக்கும் விழித்திரைச் செல்கள் சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை. மத்தியானம் தீப்போல நின்ற செங்கொடி அந்தியில் கறுப்புத் துணியாகிவிடுவது இதனால்தான். இருட்டு கூடக்கூட ஆரஞ்சும் அதே வழியில் மங்கும். மினசோட்டா ஏரிகளில் பலரும் தேடிப் போகும் வால்ஐ மீன் நன்றாக இரை எடுப்பதும் அந்த அந்தி நேரத்தில்தான். ஆட்கள் ஏரியில் தங்கியிருக்கும் நேரமும் நிறங்கள் கைவிடும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன.

முழு இருட்டில் வேண்டியது ரிஃப்ளெக்டர். சாதாரணப் பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி வேறு பக்கம் திருப்பிவிடும். ரிஃப்ளெக்டர் பட்டையில் உள்ள நுண்ணிய கண்ணாடி மணிகளோ, செங்கோணமாகச் சேர்ந்த முப்பட்டைகளோ ஒளியை அது வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகின்றன. வண்டி ஓட்டுபவரின் கண் விளக்குக்கு அருகிலேயே இருப்பதால், அந்தச் சிறு பட்டை அவருக்கு ஒரு விளக்காகவே தெரிகிறது. இங்கிலாந்தின் பெர்சி ஷா 1934இல் சாலையில் பதிக்கும் ‘பூனைக்கண்’ணுக்குக் காப்புரிமை எடுத்தது இந்தத் தத்துவத்தை வைத்துத்தான். பனிக்கட்டி மீன்பிடிப்பு வேரூன்றிய இன்னொரு நாடான பின்லாந்தில், நடந்து போகிறவர்களும் இருட்டில் ரிஃப்ளெக்டர் அணிய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

இதன் தேவையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மினசோட்டாவில் ஸ்னோமொபைலுக்கு உச்ச வேக வரம்பு மணிக்கு 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். நொடிக்கு 22 மீட்டர். முகப்பு விளக்கு 60 மீட்டர் வரை தெளிவாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரில் ஏதோ இருப்பதை உணர்ந்து பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி ஆனால் அதற்குள் 33 மீட்டர் போய்விடும். மிச்சமிருக்கும் 27 மீட்டரில், அதுவும் வழுக்கும் பரப்பில், வண்டி நிற்காது. குடிலில் பட்டை ஒட்டியிருந்தால் அது இன்னும் பல மடங்கு தூரத்திலேயே மின்னும்.

இரவில் ஏரிமேல் விட்டுவைக்கும் குடிலின் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது 2 சதுர அங்குலம் ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும் என்பது மினசோட்டா விதி. விதி நல்லது, அளவு போதாது என்பதே என் எண்ணம். அங்கே காற்று ஓயாது. ஒரே இரவில் குடிலின் அடிப்பகுதி பனிமேட்டில் புதைந்துவிடும். உறைபனி படிந்த பட்டை ஒளியைத் திருப்பாது. மேலுறை இல்லாத மணிப்பட்டைகள் ஈரம் பட்டாலே மங்கிவிடும்; மூடி முத்திரையிட்ட முப்பட்டை வகை அப்படி மங்குவதில்லை. தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல், நான்கு மூலையிலும் நீளவாக்கில் ஒட்டினால் இருப்பது குடில் என்பதும் அதன் அகலமும் சேர்ந்தே தெரியும். கையுறையால் ஒரு முறை துடைத்துவிட்டுப் போவது அதைவிட முக்கியம்.

தூண்டில் சாமான்களுக்கு வருவோம். ‘டிப்-அப்’ என்ற கருவி துளையின் குறுக்கே கிடக்கும். நூலுருளை நீருக்கடியில் இருக்கும். மீன் நூலை இழுத்ததும் விசை விடுபட்டு, வளைத்துவைத்த எஃகுப் பட்டையில் கட்டிய கொடி நிமிர்ந்து நிற்கும். நம் குளத்துத் தூண்டிலில் தக்கை அமிழ்வது சொல்லும் சேதியை அங்கே கொடி எழுந்து சொல்கிறது. மினசோட்டாவில் ஆள் அதிலிருந்து 200 அடிக்குள் இருந்தாக வேண்டும். ஆனால் மீன் இழுக்கும் வரை கொடி படுத்தே கிடக்கிறது. அவ்வளவு நேரமும் கணுக்கால் உயரத்தில் இருக்கும் அந்தக் கருவி, அந்த வழியே நடப்பவருக்கும் வண்டிக்கும் தெரியாது. பக்கத்தில் இடுப்புயரக் குச்சி ஒன்றை நட்டு, நுனியில் ஆரஞ்சுத் துணியும் ரிஃப்ளெக்டரும் கட்டுவதுதான் வழி.

துளைகள் இன்னும் மோசம். வழக்கமான துளைப்பான் போடுவது 8 அங்குல அகலத் துளை. மீன்பிடித்தவர் போனதும் அதன்மேல் மெல்லிய ஏடு உறையும், அதன்மேல் பனி தூவும். பிறகு அது இருப்பதே தெரியாது. கால் உள்ளே போனால் கணுக்கால் முறிய அதுவே போதும். ஈட்டியால் மீன் குத்துவதற்கு வெட்டும் துளைகள் இதைவிடப் பெரியவை. ஒரு குழந்தையே விழுந்துவிடலாம்.

இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த தீர்வு கடையில் விற்பதில்லை. மிச்சிகனில் மாக்கினாக் தீவு மக்கள் உறைந்த நீரிணையைக் கடக்கும் பாதையின் இருபுறமும் பண்டிகை முடிந்து தூக்கிப்போட்ட கிறிஸ்துமஸ் மரங்களை நடுகிறார்கள். சுப்பீரியர் ஏரியில் பேஃபீல்டுக்கும் மேடலின் தீவுக்கும் இடையிலான பனிச்சாலையிலும் அப்படியே. மரம் கருமையானது, ஆளுயரமானது, எளிதில் புதையாது, பேட்டரி கேட்காது. பேட்டரியோ கடுங்குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஒரு ஒடித்த பைன் கிளை, கைவிட்ட துளைக்கு அதே வேலையைச் செய்யும்.

நிறத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. பனி திருப்பி அனுப்பும் வெயிலைக் கருஞ்சாமான் விழுங்கிச் சூடாகிறது. தவறிவிழுந்த கறுப்புக் கையுறை தன் கீழுள்ள பனியை உருக்கி உள்ளே இறங்குகிறது. இரவில் அங்கேயே உறைந்துபோகிறது. குடில்களின் அடிச்சட்டமும் இப்படிப் பிடித்துக்கொள்வதால்தான் மரக்கட்டைகள்மேல் தூக்கிவைக்கிறார்கள். குடிலை உறையவிட்டால் சிக்கல்: சிம்கோ ஏரியிலிருந்து அதை மார்ச் 15க்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்காத குடில் ஏரியின் அடிக்குப் போய்க் குப்பையாகும்.

மனிதருக்கும் இதே கணக்குதான். பனிக்கட்டி உடைந்து உள்ளே போனவரின் உடலில் வெளியே தெரிவது தலை மட்டும். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு இது: திணறும் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம் மட்டும், குளிரில் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்தில் வழுக்கும் விளிம்பைக் குத்திப் பிடித்து ஏற, கழுத்தில் தொங்கும் இரண்டு கூர்முனைக் கைப்பிடிகள் வேண்டும். அடுத்த ஒரு மணி நேரத்தில் பிறர் கண்டுபிடிக்க, தலையில் ஆரஞ்சுத் தொப்பி வேண்டும். 1939-40 குளிர்காலப் போரில் பின்லாந்து வீரர்கள் வெள்ளை உடை அணிந்தது எதிரியின் கண்ணுக்குத் தப்புவதற்காக. மீன் பிடிக்கப் போகிறவர் அந்த நிறத்தைத் தொடவே கூடாது.

டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் அதை ஒட்டிய மார்க்கம் நகரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சிம்கோ பக்கத்து ஏரி. இங்கிருந்து அங்கே போன உங்கள் பிள்ளைகள், மருமக்கள், நண்பர்கள் இந்தக் குளிர்காலத்தில் பனிமேல் மீன் பிடிக்கப் போவதாகச் சொன்னால், தடிமனை அளந்தார்களா என்று கேளுங்கள். கூடவே, என்ன நிறத் தொப்பி போட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.