பழைய பொம்மைக் காருக்குச் சாயம் பூசும் முன்

“சார், இதுக்குப் புதுச் சாயம் அடிக்கலாமா?” தாத்தாவின் மேட்ச்பாக்ஸ் லாரியோடு வந்தார் படிவம் 4 மாணவர். செயல்முறைக் கட்டுரைக்கு நல்ல பொருள்தான்.

லண்டனின் லெஸ்னி நிறுவனம் 1953இல் மேட்ச்பாக்ஸ் வண்டிகளை விற்கத் தொடங்கியது. பங்குதாரர் ஜேக் ஓடெல், மகள் பள்ளிக்கு எடுத்துப்போகத் தீப்பெட்டியில் அடங்கும் சாலை உருளை ஒன்றைச் செய்தார். பெயர் வந்தது அப்படித்தான். உருக்கிய துத்தநாகக் கலவையை அச்சில் அழுத்தி வார்த்தவை இவை.

வண்டியைத் திருப்பிப் பாருங்க. அடித்தகட்டைப் பிடித்திருப்பது திருகாணி அல்ல, தலை நசுக்கிய ரிவெட். துளைக்கருவியால் அந்தத் தலையை மட்டும் மெல்லச் சீவினால் வண்டி பிரியும். இங்கேதான் அவசரப்படுவாங்க. ஆழமாகத் துளைத்தால், திரும்பப் பூட்டும்போது திருகாணிக்குப் பிடிமானம் இருக்காது. கண்ணாடி, இருக்கை போன்ற பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிய பிறகே சாயம் நீக்கும் திரவம். கையுறை கட்டாயம். சிலர் காஸ்டிக் சோடாவில் ஊறப்போடுவார்கள். எனக்கு உடன்பாடில்லை, அது துத்தநாகத்தையும் அரிக்கும். பிறகு கழுவி, உலர்த்தி, அடிப்பூச்சு, அதன்மேல் மெல்லிய பூச்சுகள்.

உலோகமே உப்பி வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். 1930களின் டிங்கி கார்கள் பலவற்றில் இது உண்டு. துத்தநாகத்தில் கலந்துவிட்ட ஈயம் போன்ற மாசுதான் காரணம், சரிசெய்ய வழியில்லை.

சாயம் ஓரளவு நன்றாயிருந்தால்? நான் தொடமாட்டேன். சேகரிப்பாளர்கள் மதிப்பது முதல் சாயத்தை. சுரண்டினால் அது திரும்பாது. பழகுவதற்குச் சந்தையில் கிடைக்கும் உடைந்த காரே போதும்.

அந்த லாரியை மென்மையான தூரிகையால் சோப்பு நீரில் கழுவி, துடைத்துக் கொடுத்தேன். கதவோரம் உதிர்ந்த சாயம் அப்படியே இருக்கிறது.