ஆய்வு நாளில் மட்டும் வரும் ஆசிரியர்கள்

பிளஸ் டூ முடிவு வந்த அன்று மாலையே போன் வரத் தொடங்கிவிடும். "பையன் எவ்வளவு மார்க் சார்? எங்க காலேஜ்ல சீட் இருக்கு, கவுன்சலிங்குக்கு அலைய வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டை மட்டும் கொடுத்து வையுங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்." பேசுகிறவர் கல்லூரி ஊழியரா, கமிஷனுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கரா என்பது தெரியாது. நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் தெரியாது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் பிள்ளையின் அப்பா, அந்தக் குரலை நம்பி மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். இந்தக் கட்டுரை அவருக்காக.

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் கதை 1984-ல் தொடங்குகிறது. அதற்கு முன்பும் கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் போன்ற அறக்கட்டளைக் கல்லூரிகள் இருந்தன. ஆனால், மொத்தக் கல்லூரிகளையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். இடம் கிடைக்காத வசதியான வீட்டுப் பிள்ளைகள் கர்நாடகத்துக்குப் போய் நன்கொடை கட்டிப் படித்தார்கள். வசதி இல்லாதவர்களுக்குப் பொறியியல் என்பது வெறும் ஆசைதான். எம்.ஜி.ஆர். அரசு கதவைத் திறந்ததும் பெருந்துறையிலும் சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் அதே ஆண்டில் கல்லூரிகள் எழுந்தன. பல்கலைக்கழகம் எதுவும் எட்டிப் பார்க்காத ஊர்கள் அவை.

இதன் பலனைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. 2021-22-ம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் தேசிய அளவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. அரசு மட்டுமே கல்லூரி கட்டியிருந்தால் இந்த உயரத்தைத் தொட்டிருக்க முடியாது. காலை ஆறரை மணிக்குக் கிராமத்து முக்கில் டிபன் டப்பாவோடு கல்லூரிப் பஸ்ஸுக்கு நிற்கும் பெண் பிள்ளைகளைப் பாருங்கள். விடுதிக்கு அனுப்பச் சம்மதிக்காத எத்தனையோ வீடுகள், பஸ் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது என்பதற்காகவே மகளைப் படிக்க அனுப்பின. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும், 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் இந்தக் கல்லூரிகளின் வாசலை ஏழைகளுக்கும் திறந்துவிட்டன.

சிக்கல் பணத்தில் தொடங்குகிறது. கல்வியில் லாபம் பார்க்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் பலமுறை போனது. 1993-ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் பாதி இடங்கள் குறைந்த கட்டணத்துக்கு, மீதி இடங்கள் கூடுதல் கட்டணத்துக்கு என்று ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. 2002-ல் டி.எம்.ஏ. பை வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கல்லூரி தன் கட்டணத்தைத் தானே முடிவு செய்யலாம், வளர்ச்சிக்காக நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம். கொள்ளை லாபமும் நன்கொடையும் கூடாது என்றது. அப்படியானால் எது உபரி, எது லாபம்? அதைப் பார்க்கத்தான் உச்ச நீதிமன்றத்தின் 2003 தீர்ப்பின்படி ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் மாநிலந்தோறும் கட்டண நிர்ணயக் குழு வந்தது. நன்கொடையைத் தடைசெய்யும் சட்டமோ தமிழ்நாட்டில் 1992-லேயே இருக்கிறது.

இனி ஒரு ரசீதைக் கையில் எடுத்துப் பார்ப்போம். 2017-ல் இந்தக் குழு நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம், கவுன்சலிங் இடத்துக்கு 50,000 ரூபாய். அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இவை முறையே 85,000, 87,000. அச்சிட்ட ரசீதில் அந்தத் தொகை சரியாகவே இருக்கும். அதன் கீழே பிளேஸ்மென்ட் பயிற்சி, சீருடை, லேப், பஸ், விடுதி என்று தனித்தனி வரிகள். விடுதியில் தங்காத பிள்ளைக்கும் சில இடங்களில் மெஸ் கணக்கு உண்டு. இவை போக, ரசீதே இல்லாமல் கை மாறும் தொகை ஒன்று இருக்கிறது. சட்டம் தடுத்தது அதைத்தான். கொடுத்தவர் புகார் செய்யமாட்டார். பிள்ளை நான்கு வருடம் அங்கேதானே இருக்க வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து வகுப்பறையில் இருக்கிறது. 20 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. 60 இடங்கள் கொண்ட ஒரு பிரிவில் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 240 மாணவர்கள். அப்படியென்றால் 12 ஆசிரியர்கள் வேண்டும். கல்லூரியின் பெரிய செலவே அந்தச் சம்பளம்தான். அதைக் குறைக்க எளிய வழி, ஆசிரியரைக் காகிதத்தில் மட்டும் வைத்துக்கொள்வது. ஆய்வுக் குழு வரும் நாளில் ஆள் வந்துவிடுவார். மறுநாள் நாற்காலி காலி.

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆதாரங்கள் இதை ஊரறியச் செய்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள், ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. அண்ணா பல்கலைக்கழகமே பிறகு விசாரித்து மோசடியை ஒப்புக்கொண்டது. கல்லூரிகள் தந்த ஆசிரியர் பட்டியலைச் சரிபார்த்துத்தான் ஆண்டுதோறும் பல்கலைக்கழக இணைப்பு வழங்கப்பட்டது என்பதை நினைக்கும்போது வயிறு எரிகிறது. ஒரே பெயரும் பிறந்த தேதியும் இரண்டு கல்லூரிகளில் இருப்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

டெல்லியில் ஒப்புதல், சென்னையில் இணைப்பு, கட்டணத்துக்கு ஒரு குழு என்று மேற்பார்வைக்கு அமைப்புகள் குறைவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் தன் கோப்பை மட்டும் பார்க்கிறது. சாதாரணப் புதன்கிழமை ஒன்றில் அறிவிக்காமல் போய், மூன்றாம் பீரியடில் யார் பாடம் நடத்துகிறார் என்று பார்ப்பது எவருடைய வேலையாகவும் இல்லை. அது நடக்காதவரை ஆயிரம் படிவம் நிரப்பியும் பயனில்லை.

கட்டுப்பாடுகள் தளர்வதுதான் இப்போதைய போக்கு. 2024-25 முதல், தரமான கல்லூரிகள் எத்தனை இடங்கள் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று உச்சவரம்பை டெல்லி நீக்கிவிட்டது. பெரிய நகரத்துக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் பெருகுகின்றன. சின்ன ஊர்க் கல்லூரிகளில் மெக்கானிக்கலும் சிவிலும் ஆளில்லாமல் போகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களோ மாநிலத்தின் கவுன்சலிங்குக்கு உட்பட்டவை அல்ல. 2025 அக்டோபரில், அரசு உதவிபெறும் கல்லூரிகள் உட்பட, ஏற்கெனவே இருக்கும் தனியார் கல்லூரிகள் பல்கலைக்கழகமாக மாறிக்கொள்ள வழிசெய்யும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கல்வியாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்த பிறகு, மறுஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது. எதிர்த்தவர்களின் அச்சம் நியாயமானது. பொதுப் பணத்தில் சம்பளம் கொடுத்து வளர்த்த கல்லூரி, நாளை தன் கட்டணத்தைத் தானே எழுதிக்கொள்ளும் நிலை வந்தால், அங்கே படித்த ஏழைப் பிள்ளை எங்கே போவான்?

மஞ்சள் பையோடு கிளம்பும் அப்பாவுக்கு வருகிறேன். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே உத்தரவிட்டிருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், கையாளும் செலவுக்கு 5,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணத்தைத் தர வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது. விருப்பப் பட்டியல் நிரப்பும் முன் அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் வேலை நாள் ஒன்றில் சொல்லாமல் போய், அந்தத் துறையின் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம், "உங்களுக்குப் பாடம் எடுப்பவர் யார் தம்பி?" என்று கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள்.