அரசியற் பேச்சு வானொலியும் அங்கதமும்: அமெரிக்க அநுபவம் பற்றிய சில குறிப்புகள்

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இருவகைப்படுத்தினார். உரையாசிரியர்கள் பின்னதைப் பழிகரப்பு என்றனர். வெளிப்பட வைதல் ஒன்று. பழியை உள்ளே மறைத்துப் புகழ்வது போலச் சுடுதல் மற்றொன்று. இப்பாகுபாடு எழுந்த சமூகத்தில் வைபவனும் வையப்படுபவனும் ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள். புலவனின் வசைக்கு அரசன் அஞ்சினானெனில், அவ்வசை அவனது பெயரைத் தாக்கியது என்பதே காரணம். வையப்படுவது தனி மனிதனாயிராது, நூற்றுக்கணக்கான நிலையங்களில் ஒரே வேளையில் ஒலித்து, விளம்பர நேரத்தை விற்று இலாபமீட்டும் ஒரு வலையமைப்பாக இருப்பின், அங்கதகாரன் எதனைக் குறிபார்க்க வேண்டும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியற் பேச்சு வானொலியை எள்ளி நகையாட முற்பட்டோரின் வெற்றி தோல்விகளை நோக்குமிடத்து இவ்வினா வெறும் இலக்கணப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை.

பேச்சு வானொலி என்பது செய்தியுமன்று, விவாதமுமன்று. ஒருவர் நாள்தோறும் ஏறக்குறைய மூன்று மணிநேரம் அரசியல் பேசுவார். இடையிடையே நேயர் சிலர் தொலைபேசியில் அழைப்பர். அவற்றிடையே விளம்பரங்கள் வரும். எமது பட்டிமண்டபத்திலாவது எதிரணி என்று ஒன்று உண்டு. இங்கு அதுவும் இல்லை. இவ்வடிவம் தோன்றியமைக்கான காரணங்களைத் தனிமனிதரின் நாவன்மையிலே தேடுவோர் உளர். காரணங்கள் வேறிடத்தில் உள்ளன. 1970களில் இசை கேட்போர் தெளிவான ஒலி தரும் எவ்.எம். நிலையங்களுக்குப் பெயர்ந்தனர். கைவிடப்பட்ட ஏ.எம். நிலையங்கள் மலிவான நிகழ்ச்சியொன்றைத் தேடின. பேச்சைப் போல் மலிவானது வேறில்லை. முரண்பாடான பொதுப் பிரச்சினைகளை ஒலிபரப்பும் நிலையம் மாற்றுக் கருத்துக்கும் நியாயமான வாய்ப்பளிக்க வேண்டும் என 1949 முதல் நிலவிய நியாயக் கோட்பாட்டினை 1987 ஆகஸ்டில் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு கைவிட்டது. அதனைச் சட்டமாக்கக் கொங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை ஜனாதிபதி ரேகன் அதே ஆண்டு ஜூனிலேயே தமது தடை அதிகாரத்தால் நிராகரித்திருந்தார். ஓராண்டு கழிந்து, 1988 ஆகஸ்ட் 1ஆம் திகதி ரஷ் லிம்போவின் நிகழ்ச்சி நாடளாவிய ரீதியில் ஆரம்பமாயிற்று. நிலையங்கள் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தமது விளம்பர நேரத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தாற் போதுமானது. பண்டமாற்று என்னும் மிகப் பழைய வாணிப முறையின் மீதே நவீன வலதுசாரிப் பிரசாரத்தின் மிகப் பெரிய கட்டடம் எழுந்தது.

இதனை எள்ள முனைந்தவர் எதிர்கொண்ட முதற் சிக்கல், எள்ளப்பட வேண்டியவரே தேர்ந்த எள்ளலாளராக இருந்தமைதான். தமது நிகழ்ச்சியை அவர் ஓர் ‘உன்னத ஒலிபரப்பு வலையமைப்பு’ என அறிவித்தார். அப்படியொரு வலையமைப்பு உண்மையில் இருக்கவில்லை, அப்பெயரே பகிடி. தமது அறிவாற்றலைப் பற்றி அவர் அடித்த தம்பட்டங்களும், எதிராளிகளைக் கேலி செய்யும் போலிப் பாடல்களும், பொன்னிற ஒலிவாங்கியும், அழைப்புகளை வடிகட்டும் உதவியாளருக்குச் சூட்டிய விநோதப் பெயரும் எல்லாம் ஒரு கோமாளிக் கூத்தின் அங்கங்கள். தம்பட்டத்தைச் சுட்டிக்காட்டினால், அது விளையாட்டென்பார். விளையாட்டென்று விட்டுவிட்டால், 1994 தேர்தலில் வென்ற குடியரசுக் கட்சியின் புதிய பிரதிநிதிகள் அவரைத் தம்முள் ஒருவராகக் கௌரவ அங்கத்துவம் அளித்துக் கொண்டாடுவர். நகைச்சுவையும் அதிகாரமும் ஒன்றுக்கொன்று கேடயமாக நின்ற இந்நிலையிற் செம்பொருள் அங்கதம் எவ்வளவு தூரம் செல்லும்?

அல் பிராங்கனின் நூல் இதற்கு விடை தருகின்றது. 1996இல் வெளிவந்த அந்நூலின் தலைப்பே லிம்போவின் உடற் பருமனையும் அறிவையும் நேரடியாக வைவது. எதிராளியின் மொழியை அவர் மீதே திருப்பிவிடுவது அதன் உத்தி. நூல் பெருமளவில் விற்பனையாகியது. லிம்போவுக்கு நட்டமொன்றும் நேரவில்லை. 2008இல் எட்டாண்டுகளுக்கு நாற்பது கோடி டொலர் பெறுமதியான ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்ததாகப் பத்திரிகைகள் எழுதின. வசை இருவருக்கும் சந்தையைப் பெருக்கிக் கொடுத்தது எனின் மிகையாகாது. இதே பிராங்கன் 2003இல் எழுதிய மற்றொரு நூலின் கதை வேறு. அதன் துணைத் தலைப்பில் பொக்ஸ் தொலைக்காட்சி தனது வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்திருந்த ‘நியாயமும் சமநிலையும்’ என்னும் சுலோகத்தை அவர் எடுத்தாண்டார். உடனே நிறுவனம் நீதிமன்றம் சென்றது. நீதிபதி தடையுத்தரவு வழங்க மறுத்தார். சில நாட்களில் வழக்கும் கைவிடப்பட்டது. வழக்கின் முடிவைக் காட்டிலும் அதன் காரணமே ஆராயத்தக்கது. பொய்யர் என்ற வசைக்காகவன்றி, தன் ஆதனமொன்று தீண்டப்பட்டமைக்காகவே அந்நிறுவனம் நியாயம் கேட்டது. கேலி எங்கே பட்டால் வலிக்கும் என்பதை வழக்கறிஞர்களே காட்டிக்கொடுத்துவிட்டனர்.

இவ்விடத்து முந்திய தலைமுறை ஒன்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்கலாம். 1930களில் மிச்சிகன் மாநிலக் கத்தோலிக்கக் குருவான சார்ல்ஸ் கொக்லின் வானொலி வாயிலாகக் கோடிக்கணக்கானோரை ஈர்த்தார். முதலில் ரூஸ்வெல்டை ஆதரித்த அவர், பின்னர் யூதவெறுப்பின் ஊதுகுழலானார். சின்கிளேயர் லூயிஸ் 1935இல் எழுதிய சர்வாதிகாரம் பற்றிய நாவலில் வரும் பிராங் என்னும் வானொலி ஆயர் இவரது சாயலிற் படைக்கப்பட்டவர். லூயிஸின் நாவலில் கலை நயம் குறைவென்பர், அது உண்மையே. எனினும் ஆயரின் குரலை மாத்திரம் கேலி செய்யாது, அக்குரலைக் கேட்டு அவரது கழகத்திற் சேரும் மறக்கப்பட்ட மனிதர்களையும் அவர் காட்டினார். பொருளாதார மந்தத்தால் நொறுங்கிய சிறு கடைக்காரரும் கமக்காரரும் ஏன் அக்குரலை நாடினர் என்பது நாவலைப் படிப்போருக்கு விளங்கும். பின்வந்த அங்கதகாரரிடம் இவ்விளக்கம் அரிது. நேயரை மூடரென்று சிரித்துவிட்டுப் போவது அவர்களுக்கு இலகுவாயிற்று. அச்சிரிப்பில் ஒரு வர்க்கத்தின் ஏளனம் கலந்திருந்தது என்பதை முற்போக்காளராகிய நாம் மறைத்தல் தகாது.

மக்கார்த்தி காலத்து எடுத்துக்காட்டு ஒன்றையும் கூற வேண்டும். அமெரிக்காவிலிருந்து 1953இல் நாடு கடத்தப்பட்ட கனடிய எழுத்தாளர் ரூபன் ஷிப் எழுதிய விசாரணையாளர் பற்றிய வானொலி நாடகத்தைக் கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1954 மே 30ஆம் திகதி ஒலிபரப்பிற்று. இறந்து மறுவுலகம் சென்ற செனற்றர் அங்கே சோக்கிரதீசையும் மில்ற்றனையும் விசாரிக்கிறார். இதன் ஒலித்தட்டுகள் அமெரிக்காவில் இரகசியமாகக் கைமாறின. விளம்பரதாரரை நம்பியிராத அயல்நாட்டுப் பொது நிறுவனமொன்றே அவ்வாக்கத்துக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தது என்பதை மறத்தலாகாது.

பேச்சு வானொலியின் உறுப்புகளையே அக்கக்காகப் பிரித்துக் காட்டிய அங்கதம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நிலையமொன்றில் நிகழ்ச்சி நடத்திய பில் ஹென்ட்ரி, நாள்தோறும் ஒரு ‘விருந்தினரை’ அழைப்பார். அவ்விருந்தினர் சகிக்கவொண்ணாத கருத்தொன்றைச் சாவதானமாகச் சொல்வார். பொலிசாருக்குரிய அதிகாரம் தனக்கும் உண்டெனக் கருதி அயலவரை மிரட்டும் தொண்டர் ஒருவர். வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்தின் பெயரால் ஊராள முனையும் சீமாட்டி ஒருத்தி. கொதித்தெழுந்த நேயர் தொலைபேசியை எடுப்பர். உண்மையில் விருந்தினர் எவரும் இல்லை. ஒலிவாங்கியில் தமது சொந்தக் குரலிலும், தொலைபேசிக் குழலில் விருந்தினரின் குரலிலும் மாறி மாறிப் பேசுபவர் ஹென்ட்ரியே. வழமையான நேயருக்கு இரகசியம் தெரியும். அழைப்பவருக்கு மட்டுமே தெரியாது. ஆத்திரம் எவ்வாறு உற்பத்தி செய்யப்படுகின்றது, அதற்கு எதிராளி உயிரோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை இதனிலும் தெளிவாக எந்த ஆய்வுக் கட்டுரையும் காட்டியதில்லை. பழிகரப்பு இங்கே தன் முழு வலிமையையும் பெற்றது. ஏனெனில் கரந்து நின்றது ஒரு மனிதனின் குறையன்று. தொழிலின் முழு இயந்திரம்.

ஹென்ட்ரி முற்போக்காளர் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 2001 செப்டெம்பர் தாக்குதல்களின் பின் புஷ் அரசின் யுத்தக் கொள்கையை ஆதரித்தவர் அவர். முடியாட்சிவாதியான பல்சாக் தம் அரசியற் சார்புக்கு மாறாகவே தாம் அனுதாபம் கொண்டிருந்த பிரபு வர்க்கத்தின் வீழ்ச்சியைச் சித்திரித்தார் என எங்கெல்ஸ் 1888இல் ஒரு கடிதத்தில் எழுதியமை இங்கு நினைவுகூரத்தக்கது. இன்னுமொரு விடயம். ஹென்ட்ரியின் நிகழ்ச்சியை 1999 முதல் நாடெங்கும் விநியோகித்த பிரிமியர் நிறுவனமே லிம்போவின் நிகழ்ச்சியையும் விநியோகித்தது. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு கம்பனி நாட்டில் எத்தனை வானொலி நிலையங்களை உடைமையாக வைத்திருக்கலாம் என்ற வரம்பை நீக்கியதும், கிளியர் சனல் என்னும் கம்பனி ஏறத்தாழ 1,200 நிலையங்களை விழுங்கியது. பிரிமியரும் அதன் வயிற்றுக்குட் சென்றது. வலைக்காரனே தன் வலையைப் பற்றிய கேலியையும் கூறு கட்டி விற்றான்.

ஸ்டீபன் கொல்பேர் 2005 முதல் 2014 வரை தொலைக்காட்சியில் நடத்திய போலிப் பழமைவாதி வேடம் இதனோடு ஒப்பிடத்தக்கது. அவரது முதன்மை மாதிரியான பில் ஓரெய்லி வானொலியிலும் நிகழ்ச்சி நடத்தியவர். கரந்த அங்கதத்தின் இடர்ப்பாட்டை 2009இல் ஒஹையோ அரசுப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் வெளிப்படுத்தினர். தாராளவாதிகள், பழமைவாதிகள் ஆகிய இரு சாராரும் கொல்பேரை இரசித்தனர். ஆனால் பழமைவாதிகள் அவர் பகிடி விடுவது போல நடித்துத் தம் உண்மைக் கருத்தையே கூறுகின்றார் என்று கொள்ளும் போக்கினைக் காட்டினர். கரந்ததைக் கண்டுகொள்ளக் கேட்போனிடம் ஏற்கெனவே ஒரு நிலைப்பாடு வேண்டும். இல்லையெனில் பழி கரந்தபடியே இருந்துவிடும்.

எதிர் வலையமைப்பொன்றை நிறுவும் முயற்சி 2004 மார்ச் 31ஆம் திகதி ‘எயார் அமெரிக்கா’ என்ற பெயரில் தொடங்கியது. பிராங்கனே அதன் முதன்மைப் பேச்சாளர். அதே மூன்று மணிநேரம், அதே தொலைபேசி அழைப்புகள், அதே விளம்பர இடைவேளைகள். கருத்து மட்டும் தலைகீழ். 2006 ஒக்டோபரில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2010 ஜனவரியில் மூடப்பட்டது. வடிவத்தை அப்படியே கையேற்றவர்கள் அவ்வடிவம் வேண்டி நிற்கும் விளம்பர மூலதனத்தைப் பெற முடியவில்லை. இதைக் காட்டிலும் கசப்பான செய்தி ஒன்று உண்டு. ஆரம்பகாலத்தில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதிச் சிறுவர் கழகமொன்றின் பணத்திலிருந்து 875,000 டொலர் இவ்வானொலி முயற்சிக்குக் கடனாகச் சென்றிருந்தமை 2005இல் வெளியாகியது. வலதுசாரி நையாண்டியாளர் இதனை விடாது பற்றிக்கொண்டனர். பேச்சாளர்களின் குரலையும் நடையையும் விட்டுவிட்டு, பணம் எங்கிருந்து வந்தது என்று மீண்டும் மீண்டும் கேட்டனர். பொருளியல் அடித்தளம் பற்றி நூல்கள் எழுதும் எம்மவர் லிம்போவின் பருமனைக் கேலி செய்துகொண்டிருந்த வேளையில், மார்க்சைப் படியாதவர்கள் பணப்பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். அக்கேலி குறி தப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

வானொலி ஒருவழி விநியோகச் சாதனமாக இருப்பதை ஒழித்து, கேட்பவனும் பேசும் தொடர்பாடற் சாதனமாக அதை மாற்ற வேண்டுமென பிரெக்ட் 1932இல் வாதிட்டார். நேயரின் தொலைபேசி அழைப்பு அவ்விலட்சியத்தின் நிறைவேற்றம் போலத் தோன்றலாம். அழைப்பின் நோக்கம் தம்மைச் சிறப்பாகக் காட்டுவதே என லிம்போ ஒளிவுமறைவின்றிக் கூறியவர். யார் பேசலாம், எப்போது துண்டிக்கப்படுவார் என்பதை நேயர் தீர்மானிப்பதில்லை. பிரெக்டின் கனவைச் சந்தை எவ்வாறு கேலிச்சித்திரமாக்கியது என்பதற்கு வடிகட்டப்பட்ட அந்த அழைப்பே சான்று.

2012இல் லிம்போ ஜோர்ஜ்டவுண் பல்கலைக்கழகச் சட்ட மாணவி ஒருவரை மூன்று நாட்கள் தொடர்ந்து இழிவாகப் பேசினார். அவரது பேச்சுகளை நாள்தோறும் ஒலிப்பதிவு செய்து, சொல்லுக்குச் சொல் எழுத்தில் வெளியிட்டு வந்தவர்கள் இருந்தனர். விளம்பரதாரர்களின் பெயர்ப்பட்டியல்களும் பரவின. பல டசின் கம்பனிகள் விலகின; மார்ச் 3ஆம் திகதி அவர் மன்னிப்புக் கோரும் அறிக்கையை வெளியிட்டார். இருபதாண்டுக் கேலி பெற்றுத்தராத மன்னிப்பு அது. அங்கதம் பயனற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். பட்டியல் தயாரித்தோர் பலர் கேலியால் விழிப்புற்றவர்களாகவும் இருந்திருக்கலாம். ஆயினும் எந்தப் பொத்தானை அழுத்தினால் ஒலி குறையும் என்பதைப் பட்டியலே காட்டியது.

லிம்போ 2021 பெப்ரவரி 17ஆம் திகதி காலமானார். அவரது தம்பட்டத்தையும் உடலையும் குரலையும் பற்றி எழுதப்பட்ட ஏராளமான கேலிகள் அன்றோடு பழங்கதையாயின. நண்பகல் முதல் மூன்று மணிவரையான நேரத்துக்குச் சில மாதங்கள் பழைய ஒலிப்பதிவுகள் கொண்டு ஈடுகொடுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் பிரிமியர் நிறுவனம் அந்நேரத்தை வேறு இருவரிடம் ஒப்படைத்தது.