சொந்தபந்தம்தான் முதலீடு: எம்.எல்.எம். நம்ம ஊர்ல எப்படி வேலை செய்யுது?

இன்னைக்கு எம்.எல்.எம். பத்திப் பேசப் போறோம். மல்டி லெவல் மார்க்கெட்டிங். சிலர் இதை நெட்வொர்க் மார்க்கெட்டிங்னு சொல்லுவாங்க. சிலர் "ஒரு ஆன்லைன் பிசினஸ் பண்றேன்"னு மட்டும் சொல்லிட்டு, மிச்சத்தை நேர்ல வந்தா சொல்றேன்னு நிறுத்திக்குவாங்க.

இதுல பணத்தை விட்டவங்களைப் பத்திப் பேச்சு வந்தாலே நம்ம வாயில வர்ற முதல் வார்த்தை "பேராசை". அந்த ஒரு வார்த்தையோட முடிச்சுக்கிட்டா, இது எப்படி வேலை செய்யுதுன்னு நமக்குக் கடைசி வரைக்கும் புரியாது. ஏன்னா இந்தத் தொழிலோட மூலதனம் ஆசை இல்ல. உறவு. நமக்கும் நம்மைச் சுத்தி இருக்கறவங்களுக்கும் நடுவுல இருக்கற நம்பிக்கை.

முதல் நாள் வேலை: பேர் எழுதுறது

ஒரு எம்.எல்.எம்.ல சேர்ந்த உடனே பெரும்பாலும் கொடுக்கற முதல் வேலை, பொருளை விக்கிறது கிடையாது. ஒரு நோட்டை எடுத்து, தெரிஞ்சவங்க நூறு பேரோட பேரை எழுதச் சொல்லுவாங்க. மாமா, சித்தி, கூடப் படிச்சவன், பழைய டியூஷன் டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா. யாரையும் விடக் கூடாது. "இவர் வர மாட்டார்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க"ன்னு சொல்லித் தருவாங்க.

மதுரைப் பக்கம் இருக்கறவங்களுக்கு இந்த மாதிரி நோட்டு ஒண்ணும் புதுசு இல்ல. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம்னு எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்கு வீடு மொய் நோட்டு இருக்கும். யார் நமக்கு எவ்வளவு செய்முறை செஞ்சாங்க, நாம யாருக்குத் திருப்பிச் செய்யணும்னு தலைமுறை தலைமுறையா கணக்கு இருக்கு. இப்ப அதைக் கம்ப்யூட்டர்லயே பதிஞ்சு ரசீது கொடுக்கறாங்க. அவசரத்துக்கு பேங்க் போகாம ஒரு காதுகுத்தையோ கல்யாணத்தையோ வச்சு நிமிர்ந்த குடும்பங்கள் எத்தனையோ. "அவருக்குச் செஞ்சோம், அவர் நமக்குச் செய்வார்"ங்கிற நம்பிக்கைலதான் அது ஓடுது.

எம்.எல்.எம். வந்து உக்கார்றது சரியா அந்த இடத்துலதான். மச்சான் வந்து "ஒரு ஐடி போட்டுக் கொடுங்க"ன்னு கேட்டா, நாம பிளானைப் பாக்க மாட்டோம், மச்சான் முகத்தைப் பாப்போம். முடியாதுன்னு சொல்றது பிசினஸை மறுக்கற மாதிரி இருக்காது, உறவையே மறுக்கற மாதிரி இருக்கும். ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. மொய்ல கொடுத்த பணம் ஒரு நாள் நம்ம வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும். இங்க கொடுக்கற பணம் மேல போகும், மேலயே நிக்கும்.

யாரைத் தேடி வர்றாங்க?

வசதியா இருக்கறவரை விட, வாழ்க்கைல ஏதோ ஒரு திருப்பத்துல நிக்கறவங்கதான் சுலபமா மாட்டுறாங்க. டிகிரி முடிச்சு ரெண்டு வருஷமா வேலை தேடுற பையன், குழந்தைக்காக வேலையை விட்ட பொண்ணு, பணிக்கொடை கைக்கு வந்த ஓய்வு பெற்றவர், வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்து அடுத்து என்னன்னு தெரியாம இருக்கறவர், கடன்ல இருக்கற குடும்பம். இவங்க எல்லாருக்கும் பொதுவான ஒண்ணு, வீட்ல தன்னோட மரியாதை குறையுதோங்கிற பயம்.

அந்தப் பயத்துக்கு எம்.எல்.எம். ஒரு மருந்து கொடுக்குது. ஒரு ஹால். எல்லாரும் கோட்டு சூட்டு. உங்க பேரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டுறாங்க. ஏதோ ஒரு உலோகத்தோட பேர்லயோ ரத்தினத்தோட பேர்லயோ ஒரு பட்டம். வீட்ல "இன்னும் தூங்குறியா"ன்னு கேக்கற பையனை, இங்க "சார்"னு கூப்பிடறாங்க. அதுக்கு மதிப்பு இல்லைன்னு சொல்ல முடியாது. பணம் வரலைன்னு தெரிஞ்ச பிறகும் பலர் விடாம மீட்டிங் போறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கூடவே ஒரு பூட்டும் போட்டுருவாங்க. "நெகட்டிவ்வா பேசறவங்ககிட்ட இருந்து தள்ளி இருங்க." அதாவது, கணக்கு கேக்கற அண்ணன், எச்சரிக்கை பண்ற ஃப்ரெண்டு எல்லாரும் உங்க வளர்ச்சிக்கு எதிரி. தோத்தா அது பிளானோட தப்பு இல்ல, உங்க உழைப்போட தப்பு.

கணக்குப் போட்டுப் பாப்போம்

ஒருத்தர் அஞ்சு பேரைச் சேர்க்கணும்னு வச்சுக்கோங்க. அந்த அஞ்சு பேரும் ஆளுக்கு அஞ்சு. 5, 25, 125, 625... கேக்க நல்லா இருக்கு. ஒன்பதாவது அடுக்குல 19,53,125 பேர் இருப்பாங்க. பத்தாவது அடுக்குக்கு 97,65,625 பேர் வேணும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மதுரை மாவட்டத்துல மொத்தமே சுமார் 30 லட்சம் பேர்தான். கைக்குழந்தையைச் சேர்த்தாலும் பத்தாவது அடுக்கு நிரம்பாது.

இன்னும் முக்கியமானது இது. இந்தக் கணக்குல சங்கிலி எந்த அடுக்குல நின்னாலும், அந்த நேரத்துல கடைசி அடுக்குல இருக்கறவங்க மொத்தத்துல சுமார் 80 சதவீதம். அவங்களுக்குக் கீழ யாருமே இல்ல. அவங்க கட்டுன பணம்தான் மேல இருக்கறவங்களோட "வருமானம்". இது அவங்க சோம்பேறித்தனத்தால வந்தது இல்ல. அஞ்சால பெருக்குனா வர்ற விடை.

அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 செப்டம்பர்ல ஒரு அறிக்கை விட்டாங்க. 70 எம்.எல்.எம். கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான விவரத்தை எடுத்துப் பாத்தாங்க. அதுல இருந்த பெரும்பாலானவங்க சம்பாதிச்சது வருஷத்துக்கு 1,000 டாலரோ அதுக்கும் கீழயோதான். மாசத்துக்கு 84 டாலர் கூட வரல. பொருள் வாங்க, மீட்டிங் போக ஆன செலவைப் பெரும்பாலான கம்பெனிகள் அந்த விவரத்துல கழிக்கவே இல்ல.

"பொருள் இருக்குல்ல, அப்புறம் எப்படி ஏமாத்துறதாகும்?"

இது எல்லா மீட்டிங்லயும் வர்ற வாதம். சோப்பு இருக்கு, சத்து மாவு இருக்கு, கேப்ஸ்யூல் இருக்கு, அதனால இது டைரக்ட் செல்லிங் அப்படிங்கறாங்க.

சட்டம் பாக்கறது வேற. பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் 1978லயே வந்துருச்சு. ஆள் சேர்க்கறதை வச்சு சுலபமா, சீக்கிரமா பணம் கிடைக்கும்னு சொல்ற திட்டம் இந்தச் சட்டப்படி குற்றம். அதை நடத்தறது மட்டும் இல்ல, அதுல உறுப்பினரா சேர்றதையும் சட்டம் தடை பண்ணுது. 2021 டிசம்பர் 28ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளும் பிரமிடு திட்டத்தைத் தடை பண்ணிருக்கு. பொருளை விக்கறதுக்கு அனுமதி உண்டு. ஆளைச் சேர்த்து அதுல லாபம் பாக்கறதுக்குக் கிடையாது.

இந்தக் கோடு எங்க இருக்குங்கிற சண்டை நம்ம பக்கத்துலயே நடக்குது. 2022 ஏப்ரல்ல அமலாக்கத்துறை ஆம்வே இந்தியாவோட 757.77 கோடி ரூபாய் சொத்தை முடக்குச்சு. அதுல திண்டுக்கல் மாவட்டத்துல இருக்கற அவங்க நிலமும் தொழிற்சாலைக் கட்டடமும் அடக்கம். நேரடி விற்பனைங்கிற பேர்ல பிரமிடு மோசடி நடக்குது, பொருளோட விலை அளவுக்கு மீறி இருக்குன்னு அமலாக்கத்துறை குற்றம் சாட்டுச்சு. கம்பெனி அதை மறுத்துச்சு.

நமக்கு ஒரு எளிமையான சோதனை போதும். ஆள் சேர்க்கற கமிஷன் ஒரு பைசா வராதுன்னு வச்சுக்கோங்க. அப்பவும் இந்தப் பொருளை இந்த விலைக்கு நம்ம தெரு மளிகைக் கடைல வாங்குவீங்களா? மாட்டீங்கன்னா, அங்க விக்கறது பொருள் இல்ல.

ஏமாந்தவங்க ஏன் வாயைத் திறக்கறதில்ல?

2024 ஜனவரி 29. கோயம்புத்தூர் நீலம்பூர்ல ஆயிரக்கணக்கான பேர் கூடுனாங்க. மைவி3 ஆட்ஸ்னு ஒரு கம்பெனி. போன்ல விளம்பரம் பாத்தா தினமும் காசு, உறுப்பினர் ஆகறதுக்குப் பணம் கட்டணும், ஆள் சேர்த்தா இன்னும் வரும்னு சொன்ன திட்டம். கம்பெனி மேல போலீஸ் வழக்குப் போட்டிருந்த நேரம். வந்த கூட்டம் பணத்தைத் திருப்பிக் கேக்க வரல. கம்பெனிக்கு ஆதரவு தெரிவிக்க வந்துச்சு.

டிவில பாத்தவங்க சிரிச்சாங்க. ஆனா அந்தக் கூட்டத்துல நிக்கற ஒரு அக்காவை யோசிச்சுப் பாருங்க. அவங்க தன் பணத்தை மட்டும் போடல. தங்கச்சியைச் சேர்த்திருக்காங்க, நாத்தனாரைச் சேர்த்திருக்காங்க, தெருவுல பத்துப் பேரைச் சேர்த்திருக்காங்க. கம்பெனி மோசடின்னு அவங்க ஒத்துக்கிட்ட அந்த நிமிஷம், தெருவுல அவங்கதான் மோசடிக்காரி. கம்பெனி நல்லா இருக்கணும்னு வேண்டிக்கறதைத் தவிர அவங்களுக்கு வேற வழி தெரியல.

எம்.எல்.எம்.மோட உண்மையான பலம் இதுதான். பாதிக்கப்பட்டவரையே பாதி குற்றவாளி ஆக்கிடுது. போதாததுக்கு "நீயும் ஆள் சேர்த்திருக்க, கம்ப்ளெயிண்ட் கொடுத்தா நீயும் உள்ள போவ"ன்னு மேல இருந்து ஒரு மிரட்டலும் வரும்.

மதுரையைத் தலைமையிடமா வச்சு நடந்த நியோமேக்ஸ் விவகாரத்தையும் இந்தக் கண்ணோட அணுகணும். அது சோப்பு விக்கற எம்.எல்.எம். கிடையாது, ரியல் எஸ்டேட் பேர்ல முதலீடு வாங்குன நிறுவனம். அதிக வட்டி, சில வருஷத்துல இரட்டிப்பு, இல்லாட்டி நிலம்னு வாக்கு. 2023ல மதுரை பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு பண்ணுச்சு. அங்கயும் ஏஜெண்டுகள் மூலமாத்தான் பணம் திரட்டப்பட்டுச்சு. ஏஜெண்டுன்னா வேற யாரோ இல்ல, பல பேருக்கு அவர் தெரிஞ்சவர், சொந்தக்காரர். கம்பெனி மேல கேஸ் போடலாம். பெரியப்பா மேல எப்படிப் போடறது?

வீட்ல ஒருத்தர் சிக்கியிருந்தா

முதல்ல, கேலி பண்ணாதீங்க. "நெகட்டிவ் ஆட்கள்"னு அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது உண்மைதான்னு நீங்களே நிரூபிச்ச மாதிரி ஆகிடும். கம்பெனி நல்லதா கெட்டதான்னு விவாதமும் வேண்டாம். பக்கத்துல உக்காந்து பேங்க் ஸ்டேட்மெண்டைத் திறங்க. இதுவரைக்கும் வெளிய போனது எவ்வளவு, உங்க கணக்குக்கு உள்ள வந்தது எவ்வளவு? ஆப்ல "வாலட்"ல தெரியற நம்பரைச் சேர்க்காதீங்க. கைக்கு வராத பணம் பணம் இல்ல. பொருள், மீட்டிங், பஸ் செலவு எல்லாத்தையும் எழுதுங்க. விடையை நீங்க சொல்ல வேண்டாம், அவங்களே பாக்கட்டும்.

ரெண்டாவது, போட்டதை எடுக்கறதுக்காக இன்னும் போட விடாதீங்க. "அடுத்த பேக்கேஜ் போட்டா பழசும் சேர்ந்து வரும்"னு சொல்றது இன்னொரு தூண்டில்.

மூணாவது, எதையும் அழிக்காதீங்க. வாட்ஸப் மெசேஜ், ஜூம் லிங்க், ரசீது, பணம் அனுப்புன ஆதாரம் எல்லாம் பத்திரமா இருக்கட்டும். ஆன்லைன்ல பணம் போயிருந்தா உடனே 1930க்குக் கூப்பிடுங்க. முதலீடு, டெபாசிட் மோசடின்னா மதுரைல தபால் தந்தி நகர்ப் பக்கம் இருக்கற பொருளாதாரக் குற்றப்பிரிவு அலுவலகத்துல புகார் கொடுக்கலாம். "நானும் ஆள் சேர்த்துட்டேனே"ன்னு பயமா இருந்தா, முதல்ல 15100க்குக் கூப்பிட்டு சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியா ஒரு வக்கீல்கிட்ட ஆலோசனை கேளுங்க.

கடைசியா, கஷ்டமான வேலை. அவங்க சேர்த்துவிட்ட ஆட்கள்கிட்ட அவங்களே போய்ச் சொல்லணும்: "இதுல இனிமே பணம் போடாத, யாரையும் சேர்க்காத." போன பணம் திரும்புமா, எப்ப திரும்பும்னு யாரும் உறுதி கொடுக்க முடியாது. ஆனா சங்கிலி அந்த இடத்துல அறுந்துடும். அந்த வீட்டு வாசலுக்கு அவங்க தனியா போக வேண்டி இருந்தா, நீங்க கூடப் போங்க.